உங்களுக்குத் தெரியுமா? தேரூர்க் குளம் முதல் கென்யா வரை

தாமரை இலைமேல் ஒரு பறவை நடந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் பெயர் நீளவால் இலைக்கோழி. கால்விரல்கள் அத்தனை நீளம்; உடம்பின் எடை முழுவதும் விரல்வழியே பரவிவிடுவதால் இலை முங்குவதில்லை. பெண் பறவை முட்டையிடுவதோடு சரி. அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆண்தான். அழுத்தம், பரப்பு என்று கரும்பலகையில் எழுதிக்காட்டுகிற ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் குமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போனால் போதும். பாதிப் பாடத்தைப் பறவையே நடத்திவிடும்.

★

அந்தக் குளம் தானாக உண்டானதல்ல, மனிதர் வெட்டியது. இந்தப் பகுதியின் பசுங்குளமும் பெருங்குளமும் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே பெயரோடு இருக்கின்றன. நெல்லுக்காக வெட்டிய குளத்தில் பறவைகளும் பங்கு கேட்டு வந்தன. இதுவரை ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. அவற்றில் 53 வலசை வருபவை. 2022இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் (94 ஹெக்டேர்) வேம்பனூர் ஈரநிலமும் (20 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு) ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ராம்சார் என்பது ஈரானில் உள்ள ஓர் ஊர். 1971 பிப்ரவரி 2 அன்று அங்கேதான் ஈரநிலங்களைக் காக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதனால் பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். இந்த நாஞ்சில் நாட்டில் அப்போது கும்பப்பூப் பருவ நெல் முற்றிக்கொண்டிருக்கும்; வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. நம் பள்ளிகள் அந்த ஒரு நாளையாவது தேர்வுப் பயிற்சிக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் விருப்பம்.

★

அதே தேரூரில்தான் 1876இல் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்தார். தொழில், பள்ளி ஆசிரியர். தமிழ்க் குழந்தைகள் முதன்முதலில் பாடிப் பழகும் பசுவும் கன்றும் அவர் பாட்டில் வருபவை. சுற்றுச்சூழல் கல்வி என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே வீட்டுக் கொல்லையிலிருந்து பாடத்தைத் தொடங்கியவர் அவர்.

★

சினிமா கொட்டகையிலும் சுற்றுச்சூழல் பாடம் நடத்தச் சொல்லியிருக்கிறது உச்ச நீதிமன்றம்! வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று வந்த உத்தரவு அது. ஒவ்வொரு காட்சியிலும் குறைந்தது இரண்டு சிலைடுகளைக் கட்டணமின்றிக் காட்ட வேண்டும். பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருந்து பிறந்ததுதான்.

★

மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கு 2008இலேயே கிடைத்துவிட்டது. இரண்டும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்தில் நிற்பவை.

★

மேற்குத் தொடர்ச்சி மலையில் அகத்தியர் மலைக் காட்டுக்குள் 1987இல் ஆய்வாளர்கள் சிலர் காணிப் பழங்குடி மக்களை வழிகாட்டிகளாகக் கூட்டிப்போனார்கள். ஏற்றத்தில் ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது. காணிகளோ ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைப்பில்லாமல் ஏறினார்கள். ஆய்வாளர்கள் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்ட செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கைக் கொடுத்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்றாக உலகம் முழுவதும் இதைச் சொல்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறையைச் சுற்றிய குடியிருப்புகளிலும் காணிகள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பிள்ளைகளின் பாட்டியையும் ஒரு நாள் வகுப்புக்கு அழைக்கலாம். காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் முழுதாக ஏறவில்லை.

★

2004இல் சுமத்ரா அருகே கிளம்பிய சுனாமி, மேற்குக் கரையில் இருக்கும் குளச்சலை எப்படி அடித்தது? அலை இலங்கையையும் குமரிமுனையையும் சுற்றி வளைந்து வந்தது. மேல மணக்குடியையும் கீழ மணக்குடியையும் இணைத்த பாலத்தை அது தூக்கி எறிந்தது. அதே டிசம்பர் 26 காலையில் தாய்லாந்தின் பூக்கெட் கடற்கரையில் 10 வயதுச் சிறுமி டில்லி ஸ்மித் கடல் நுரைத்துப் பொங்குவதைக் கவனித்தாள். இரண்டு வாரம் முன்பு இங்கிலாந்துப் பள்ளியில் புவியியல் ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் சொல்லி, கரையில் இருந்தவர்களை வெளியேற்ற வைத்தாள். ஏறக்குறைய நூறு பேர் பிழைத்தார்கள். ஒரே ஒரு வகுப்பு! குளச்சலிலும் மணக்குடியிலும் கொட்டில்பாட்டிலும் போன உயிர்களை நினைக்கும்போது இந்தக் கதையை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ பொங்கினாலோ நின்று வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்கு ஓடு என்பதை நம் கடற்கரைப் பள்ளிகள் ஆண்டுதோறும் சொல்லித்தர வேண்டும்.

★

கண்டல் மரத்தின் விதை மண்ணில் விழுந்த பின் முளைப்பதில்லை. மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, ஈட்டிபோல நீண்டு, பிறகே சேற்றில் இறங்குகிறது. பழையாறு கடலைச் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில் கண்டல்காடு இருக்கிறது.

★

கென்யாவில் 1968இலேயே பள்ளி மாணவர்கள் காட்டுயிர் மன்றங்களைத் தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டில் பள்ளிகளுக்கான தேசிய பசுமைப் படை வந்தது 2001இல். அதே கென்யாவில் 1977இல் வங்காரி மாத்தாய் ‘கிரீன் பெல்ட்’ இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊர் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்கால் போட்டு, ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்குச் சிறு தொகை உண்டு. ஆனால் நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. இந்த ஒரு விதியை நாம் கடன் வாங்கியே ஆக வேண்டும். சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நட்ட கன்று அடுத்த ஜூன் 5 அன்று எத்தனை அடி இருக்கிறது என்று பிள்ளைகள் அளக்கட்டும். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஜூன் மாதம் வெயில் கொளுத்தும். குமரி மாவட்டத்தில் அப்போது தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. கன்று பிழைக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

★

அறுத்த வயலுக்கு மேலே கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பிகளை நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் துரத்தியிருப்பார்கள். அவற்றில் ஒரு வகை கடல் தாண்டிப் போகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் தும்பிகள் கூட்டமாக வந்திறங்குவதை சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் கவனித்தார். தும்பி முட்டையிட நன்னீர் வேண்டும். அந்தத் தீவுகளிலோ நிலையான நன்னீர் நிலைகள் கிடையாது. பிறகு ஏன் வருகின்றன? தென்னிந்தியாவிலிருந்து கிளம்பி, பருவக்காற்றின் முதுகில் ஏறி, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் இறங்குகின்றன என்று 2009இல் அவர் எழுதினார். போய்த் திரும்ப 14,000 கிலோமீட்டருக்கு மேல். நான்கு தலைமுறைத் தும்பிகள் சேர்ந்து முடிக்கிற பயணம். இங்கே ஒரு வயலில் பிறந்தது, மழை தொடங்கும் ஏதோ ஓர் ஆப்பிரிக்கக் கிராமத்தில் முட்டையிடுகிறது. அங்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள்.