ஒடக்கானுக்கு எந்த விளக்கு?

உங்கள் வீட்டில் யாராவது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார்களா? திருமுருகன்பூண்டிப் பிள்ளைகளிடம் இதைக் கேட்கவே வேண்டியதில்லை, ஒருவராவது இருப்பார். அவரிடம் ‘லைட் பாக்ஸ்’ எப்படியிருக்கும் என்று கேளுங்கள். ஆர்டர் கொடுத்தவர் அனுப்பிய மாதிரித் துணியும் நாம் சாயமேற்றிய துணியும் ஒரே நிறமா என்று பார்க்கிற பெட்டி அது. அதில் ஒரு சுவிட்சைத் தட்டினால் புற ஊதா விளக்கு மட்டும் எரியும். உள்ளே வைத்த வெள்ளை டி-ஷர்ட் நீலமாகப் பளீரென்று ஒளிரும்.

காரணம், வெளுக்கும்போது துணியில் ஏற்றிய பளபளப்பு ரசாயனம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. துணியில் மிச்சமிருக்கும் லேசான மஞ்சளை அந்த நீலம் மறைத்துவிடுகிறது. வெயிலில் புதுப் பனியன் கண்ணைப் பறிப்பது இதனால்தான்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் நண்பன் வீட்டில் தாடி ஓணான் வளர்க்கிறான். அதற்குப் புற ஊதா விளக்கு கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். லைட் பாக்ஸில் இருக்கும் அதே டியூபை வாங்கி மாட்டினால் போதாதா?

போதாது. மாட்டினால் ஓணானின் எலும்பு வளைந்துபோகும்.

தாடி ஓணான் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், வறண்ட நிலத்தில் வாழ்வது. சீண்டினால் தொண்டைத் தோலை உப்பிக் கறுப்பாக்கிக் காட்டும்; அதுதான் தாடி. நம் வேலியில் தலையைத் தலையை ஆட்டுகிற ஒடக்கானும் அதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். காலையில் கருங்கல் மேலோ மதில் மேலோ அசையாமல் கிடக்கும் ஒடக்கானைப் பார்த்திருப்பீர்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், அது அப்போது மருந்து தயாரித்துக்கொண்டிருக்கிறது.

அதன் தோலில் கொழுப்பு போன்ற ஒரு பொருள் இருக்கிறது. அதன் மேல் சரியான புற ஊதா பட்டதும் உருமாறுகிறது. பிறகு உடம்பின் சூட்டில் மெல்ல மெல்ல வைட்டமின் டி3 ஆகிறது. கல்லின் சூடும் வேண்டும், வெயிலின் கதிரும் வேண்டும். கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் இரண்டு படி வேலை செய்து அதை முழுதாக்குகின்றன. அது இல்லாவிட்டால், தின்ற சுண்ணாம்புச் சத்து குடலோடு போய்விடும், எலும்புக்கு ஏறாது. ஓணானின் தாடை ரப்பர் போல மெத்தென்று ஆகிவிடும், கால் நடுங்கும்.

வைட்டமினைத் தூளாக்கி இரையில் தூவிவிட்டால்? நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாடி ஓணான் குட்டிகளை வைத்தே இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். தினம் 2 மணி நேரம் சரியான விளக்கில் காய்ந்த குட்டிகளின் ரத்தத்தில் போதுமான வைட்டமின் இருந்தது. வாய்வழியே தின்றவற்றுக்கு அது எட்டவில்லை.

சரியான விளக்கு, சரியான கதிர் என்று சொல்லிக்கொண்டே போகிறேனே, அது எது? புற ஊதாவை அதன் அலைநீளத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். 315 முதல் 400 நானோமீட்டர் வரை ‘ஏ’, 280 முதல் 315 வரை ‘பி’, அதற்கும் கீழே ‘சி’. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வெட்டினால் ஒரு நானோமீட்டர். லைட் பாக்ஸ் டியூப், கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கு, ஓட்டலில் ஈயை இழுக்கும் ஊதா விளக்கு எல்லாம் ‘ஏ’. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குள் கிருமியைக் கொல்வது ‘சி’. அது கண்ணையும் தோலையும் பொசுக்கிவிடும் என்பதால்தான் மூடியே வைத்திருக்கிறார்கள். ஓணானின் தோலுக்கு வேண்டியது நடுவில் உள்ள ‘பி’. அட்டைப் பெட்டி எல்லாவற்றிலும் ‘யுவி’ என்ற இரண்டு எழுத்துதான் பெரிதாக இருக்கும். விளக்கு எவ்வளவு ஊதாவாகத் தெரிகிறது என்பதும் உதவாது. நமக்குத் தெரிகிற அந்த ஊதா, புற ஊதாவே அல்ல.

சரி, பல்லி வகைகளுக்கென்றே செய்த ‘பி’ விளக்கை வாங்கியாயிற்று. அதை ஓணான் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு வெளியே வைத்தால் காசு வீண். இதை நம்பாமல் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, நோட்டுப் பார்க்கும் விளக்கை ஜன்னல் கண்ணாடி வழியாக வெள்ளைத் துணி மேல் அடித்துப் பார்க்கலாம். துணி ஒளிரத்தான் செய்யும், ‘பி’யும் கண்ணாடியில் புகும் என்று பிள்ளை முடிவு கட்டும். ஆனால் ‘ஏ’ கண்ணாடியில் பெரும்பாலும் புகுந்து வந்துவிடும், ‘பி’ வராது. சோதனை சரி, முடிவு தப்பு! தொட்டியின் மூடியில் கம்பி வலை இருந்தால் அதுவும் ஒரு பங்கைத் தின்னும். கண்ணி நெருக்கமானால் பாதி வரைகூடப் போகும்.

எவ்வளவு ‘பி’ வேண்டும் என்பதைப் பல்லிகளிடமே கேட்டவர் அமெரிக்காவின் கேரி ஃபெர்குசன். அவர் குழுவினர் காட்டில் பல்லிகளும் பாம்புகளும் உட்கார்ந்த இடத்திலேயே மீட்டரை வைத்து அளந்து 2010-ல் வெளியிட்டார்கள். அந்த வழியில் போட்ட கணக்குப்படி, தாடி ஓணான் வெயில் காயும் இடத்தில் புற ஊதாவின் வலுவைச் சொல்லும் எண்ணான புற ஊதாக் குறியீடு சுமார் 3 முதல் 5 வரை இருந்தால் நல்லது. நம் ஊரில் சித்திரை மாத நடுப்பகலில் அது 11-ஐத் தாண்டும். அந்த நேரத்தில் ஒடக்கானைத் தேடிப் பாருங்கள், நிழலில் இருக்கும்.

விளக்கைத் தள்ளி வைத்தால் குறியீடு இறங்கும், கிட்டே வைத்தால் ஏறும். எத்தனை அங்குலம் என்பது விளக்குக்கு விளக்கு மாறும், பெட்டியில் போட்டிருப்பார்கள். சுருள் பல்பைவிட நீள டியூப் மேல். முழு உடம்புக்கும் வெளிச்சம் விழும். பக்கவாட்டில் மாட்டக் கூடாது. வெயில் மேலிருந்து வரும் என்று நம்பித்தான் ஓணானின் கண்ணுக்கு மேல் புருவமேடு இருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் ‘பி’ குறைந்துவிடும். மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு வேலி ஒடக்கானைப் பிடித்துத் தொட்டியில் போட வேண்டாம். உடும்பையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்தால் சட்டப்படி குற்றம். தாடி ஓணானைக்கூட வாங்காமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி. பயணப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த வெளிநாட்டு ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. நண்பன் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காக வளர்க்கத்தான் இவ்வளவும்.

ஃபெர்குசன் குழுவினர் மடகாஸ்கர் பச்சோந்திகளிடம் இன்னொன்றும் கண்டார்கள். இரையில் வைட்டமின் டி3 குறைவாகக் கிடைத்தவை தாமாகவே அதிக நேரம் புற ஊதாவில் காய்ந்தன; நிறையக் கிடைத்தவை ஒதுங்கிக்கொண்டன. அதனால் தொட்டியின் ஒரு முனையில் புற ஊதா டியூபும் சூடு தரும் பல்பும் சேர்ந்து இருக்கட்டும், மறுமுனையில் ஒரு பலகையோ கல்லோ வைத்து நிழல் கொடுங்கள். எவ்வளவு நேரம் காய்வது என்பதை ஓணான் பார்த்துக்கொள்ளும். பகலில் 12 மணி நேரம் எரிந்தால் போதும், இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிடலாம்.