இறால் ஓட்டில் சிட்டின் எடுக்க நுண்ணுயிர் நொதிப்பு

இறாலைப் பதப்படுத்தும்போது எடையில் 40 முதல் 50 சதவீதம் தலையும் ஓடுமாகக் கழிகிறது. காய்ந்த ஓட்டில் 20 முதல் 30 சதவீதம் சிட்டின். மீதி பெரும்பாலும் சுண்ணாம்பும் புரதமும். இவற்றை நீக்க ஆலைகள் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக் சோடாவும் பயன்படுத்துகின்றன. சுத்திகரிக்காத கழிவுநீர் மண்ணைக் கெடுக்கும்.

இந்த வேலையை நுண்ணுயிர்களும் செய்யும். புதிய ஓட்டை அரைத்து, மொலாசஸும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவும் கலந்து, சில நாட்கள் மூடி வைக்க வேண்டும். உருவாகும் லாக்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும்; அழுகலையும் தடுக்கும். அப்போது கரியமில வாயு வருவதால், கலனில் அது வெளியேற வழி தேவை. புரதத்தை நொதிகள் கரைக்கும். அந்த நீர் தீவனத்துக்கு உதவும். வடிகட்டினால் மிஞ்சுவது சிட்டின். இது ரசாயன முறை அளவுக்குச் சுத்தமாக இராது, வயலுக்குப் போதும்.

மண்ணில் இட்டால், சிட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும். அவை சுரக்கும் சிட்டினேஸ் நொதி, வாடல் நோய்ப் பூஞ்சையின் செல்சுவரையும் நூற்புழு முட்டையின் ஓட்டையும் தாக்கும். சிட்டின் சிதையும்போது அம்மோனியா வெளிவரும். அதிகமானால் இளவேர் கருகும். எனவே நடவுக்குச் சில வாரங்கள் முன்பே இட வேண்டும்.

வெயிலில் ஓடு விரைவில் அழுகிவிடும். அதனால், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர மாவட்டங்களில் பதப்படுத்தும் ஆலைகளுக்கு அருகிலுள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கே இத்தொழில் ஏற்றது.