ஆசிரியரின் குரலும் ஒரு முதல்

எழுத்தொலி எப்படிப் பிறக்கிறது என்பதை நன்னூலில் பவணந்தி முனிவர் விளக்குகிறார். உயிரின் முயற்சியால் உள்காற்று உந்த, அணுக்கூட்டம் மேலெழுந்து நெஞ்சு, கழுத்து, தலை, மூக்கு ஆகிய இடங்களைச் சேர்ந்து ஒலியாகிறதாம். 13ஆம் நூற்றாண்டுச் சமண முனிவரின் கருத்து இது. பின்னாளில், கண்ணாடி வைத்துத் தம் குரல் நாண்களைத் தாமே பார்த்து, 1855இல் இலண்டன் இராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தவர் மானுவேல் கார்சியா. அவரும் ஓர் ஆசிரியர்தான்; பாட்டு வாத்தியார்.

குரல் நாண்கள் இரண்டு. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 தடவை, பெண்களுக்குச் சுமார் 200 தடவை அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு மணி நேர வகுப்பில் பாதி நேரமே குரல் ஒலித்தாலும் இரண்டு லட்சம் மோதலுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு நான்கு வகுப்பு என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் மும்பைக் கல்லூரிகள் பல, ரயில் பாதையை அல்லது பெருஞ்சாலையை ஒட்டியவை. புழுக்கத்துக்கு ஜன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம். மேலே மின்விசிறி இரைச்சல். சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலும் கூடும். 1911இல் லம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக்காட்டிய உண்மை இது. மூட்டை தூக்குபவர் கையில் காய்ப்பு விழுவதுபோல, ஓயாமல் கத்திப் பேசுபவரின் நாண்களிலும் சிறு தடிப்புகள் விழும். குரல் கரகரக்கும், மாலையில் அடைக்கும், தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் உறுத்தும்.

"ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று நம்மவர்கள் தள்ளிப்போடுவதற்குக் காரணம் உண்டு. மகாராஷ்டிரக் கல்லூரிகளில் 'தாசிகா' முறையில், எடுத்த வகுப்புக்கு மட்டும் ஊதியம் பெறும் விரிவுரையாளர்கள் ஏராளம். குரலுக்கு ஓய்வு கொடுத்தால் வருமானம் போகும். கொடுக்காவிட்டால் குரலே போகும்.

சுக்குக் கஷாயமும் உப்புநீர்க் கொப்பளிப்பும் தொண்டைக்கு இதம்தான்; ஆனால் அவை குரல் நாண்களைத் தொடுவதில்லை. நாள் முழுக்க அவ்வப்போது தண்ணீர் குடிப்பதே நாண்களை ஈரமாக வைக்கும். அடிக்கடி செருமக் கூடாது. குரல் கட்டியபோது கிசுகிசுப்பதும் சிரமமே. அதைவிடப் பேசாதிருப்பது மேல். கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசலாம். எங்கள் சமண வீடுகளில் பொழுது சாயுமுன் உண்பது நோன்பு. இரவு வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்றுப் புளிப்பு மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும் என்கிறது இன்றைய மருத்துவம்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் தாமதிக்கவே கூடாது. தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. குரல் பயிற்சிக்குப் பாந்திராவில் 1983இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தை அணுகலாம்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு விண்ணப்பம்: பெரிய வகுப்புகளுக்கு ஒரு மைக் வாங்கிக் கொடுங்கள். பெரிய செலவில்லை. வியாபாரிக்குக் கைமுதல் எப்படியோ, ஆசிரியருக்குக் குரல் அப்படி. முதலைத் தின்று வியாபாரம் நடத்த முடியாது.