டவர் லைனுக்கடியில் டியூப்லைட் எரிந்தால்…

விளைநிலத்தில் உயர்மின் கோபுரம் வேண்டாமென்று 2018 டிசம்பரில் கொங்கு மாவட்ட விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் லைனும் அந்தப் பிரச்சினையில் அடக்கம். நிலம், இழப்பீடு ஆகியவற்றோடு உடம்பைப் பற்றிய பயமும் சேர்ந்தே ஒலித்தது. லைனுக்கடியில் வெறும் டியூப்லைட்டைப் பிடித்தால் எரிகிறது. "டியூப்லைட்டே எரியுதுங்க, மனுசன் ஒடம்பு என்னங்க ஆகும்?"

நியாயமான கேள்விதான்.

எரிவது எப்படி?

400 கிலோவோல்ட் ஏசி லைனுக்கடியில் தரையை ஒட்டி, மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் வரை மின்புலம் இருக்கும். டியூப்புக்குள் இருக்கும் வாயு ஒளிர அது போதும். மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால் மின்புலத்தில் பெரும்பகுதி தோலோடு நின்றுவிடுகிறது. டியூப் எரிவது மின்புலம் இருப்பதற்குச் சாட்சி, நோய்க்கு அல்ல. (புகளூர் லைன் டிசி. அதன் கணக்கே வேறு.)

காந்தப்புலம்

சுவரும் உடம்பும் தடுக்காதது இதுதான். லைனுக்கு நேர் கீழே 20 மைக்ரோடெஸ்லா வரை போகலாம். தள்ளிப் போகப் போக வேகமாகக் குறையும். சராசரியாக 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் உள்ள வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால், 2002-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. காரணம் காந்தப்புலம்தான் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனாலும் புதுசாகச் சாளை கட்டுகிறவர் லைனைவிட்டு நன்றாகத் தள்ளிக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

செல்போன் டவர்

செல்போனும் அதன் டவரும் அனுப்பும் ரேடியோ அலைகளும் 2011-இல் அதே பட்டியலில் சேர்ந்தன. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் டவர் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்த 2024 ஆய்வுத் தொகுப்பு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. தூரத்து டவரைவிடக் காதோடு ஒட்டிய போனிலிருந்துதான் தலைக்கு அதிகம் வருகிறது. சிக்னல் குறைந்த இடத்தில் இன்னும் கூடும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் போனைச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம், அரையடியாவது தள்ளியிருக்கட்டும்.

நிஜமான ஆபத்து

கதிர்வீச்சைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேங்காய் பறிக்கும் நீள அலுமினியத் துறட்டி, போர்வெல்லில் இருந்து தூக்கும் இரும்பு பைப், லாரிமேல் நின்று வைக்கோல் ஏற்றுவது: உயர் அழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாயும். ஏசி லைனுக்கடியில் ஓடும் கம்பிவேலியிலும் தூண்டுமின்சாரம் ஏறி, தொட்டால் சுரீரென்று இழுக்கும். அந்த வேலிக்கு எர்த் போட்டிருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.