பிபிடியை வீடியோவா மாத்தணுமா? எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்? அப்லோடு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் சிஎன்சி மெஷின் ஷாப், டூல் ரூம், கார்மென்ட்ஸ் என ஆயிரக்கணக்கான சிறு, குறு நிறுவனங்கள் இயங்குகின்றன. அங்கே ஒரு யூனிட்டில் நீங்க ஜூனியர் இன்ஜினியர்னு வச்சுக்குவோம். 20 ஸ்லைடு உள்ள ட்ரெய்னிங் பிபிடியை வீடியோவா மாத்தி, நைட் ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்கிறார் மேனேஜர். பலரும் உடனே கூகுளில் தேடி, முதலில் வரும் 'ஃப்ரீ கன்வெர்ட்டர்' தளத்தில் ஃபைலை ஏற்றிவிடுவார்கள். சிக்கலே அங்கதான்.

ஃப்ரீ தளத்தில் என்ன பிரச்னை?

பெரும்பாலான ஆன்லைன் கன்வெர்ட்டர்களில் ஃபைல் வேறொருவரின் சர்வருக்குப் போய், அங்கே மாறித்தான் உங்களிடம் திரும்பி வருகிறது. பீன்யாவின் பல யூனிட்கள் பெரிய நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்பவை. பிபிடியில் இருக்கும் பார்ட் ட்ராயிங், அளவுகள், ஃபிக்ஸ்சர் போட்டோ எல்லாம் கஸ்டமருக்குச் சொந்தமானவையாக இருக்கலாம். உங்க கம்பெனி என்டிஏவில் கையெழுத்து போட்டிருந்தால், அப்லோடு செய்வதே ஒப்பந்த மீறல் ஆகலாம். ஆர்டரே கைவிட்டுப் போகக்கூடிய விஷயம் இது.

அப்போ எதைப் பயன்படுத்துறது?

பவர்பாயின்ட்: கம்ப்யூட்டரில் இது இருந்தால் வேறெதுவும் தேவைப்படாது. 2010 பதிப்பிலேயே வீடியோ வசதி வந்துவிட்டது. இப்போதைய பதிப்புகளில் ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ என்று போனால் எம்பி4 ஃபைல் ரெடி. நேரம் எதுவும் குறிக்காவிட்டால் ஒவ்வொரு ஸ்லைடும் 5 விநாடி ஓடும், தேவைக்கேற்ப மாத்திக்கலாம்.

கீநோட்: மேக் வைத்திருப்பவர்கள் இதிலிருந்தே மூவியாக எக்ஸ்போர்ட் செய்யலாம்.

ஓபிஎஸ் ஸ்டூடியோ: இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஸ்லைடை ஓடவிட்டு, பேசிக்கொண்டே ஸ்க்ரீனை ரெக்கார்டு செய்யலாம். லிப்ரெ ஆபீஸ் பயன்படுத்துபவர்களுக்கு இது கைகொடுக்கும். ஃபைல் உங்க கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது.

கேன்வா: டிசைன் நன்றாக இருக்கும், எம்பி4 ஆக டவுன்லோடு செய்யலாம். ஆனால் இதுவும் கிளவுடில் இயங்குவதுதான். கம்பெனி அனுமதி இருந்தால் மட்டும் பயன்படுத்துங்க. இல்லாவிட்டால் பொதுவான விஷயங்களோடு நிறுத்திக்கோங்க.

தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி

'நாளைக்கு ஒரு ஸ்லைடு மாறினால் என்ன செய்வேன்?' என்பதுதான். பவர்பாயின்ட்டில் குரல் ஸ்லைடு வாரியாகப் பதிவாகிறது. 7வது ஸ்லைடில் தப்பு இருந்தால் அதை மட்டும் மறுபடி பேசி, திரும்ப எக்ஸ்போர்ட் செய்தால் போதும். ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கில் அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து, எடிட் செய்து ஒட்ட வேண்டும்.

கன்னடம், தமிழ், இந்தி எனப் பல மொழி பேசுபவர்கள் ஒரே ஷாப்பில் வேலை பார்க்கும் இடத்தில் இது பெரிய வசதி. அதே பிபிடியை மூன்று காப்பி எடுத்து, மூன்று பேரைப் பேசவைத்தால் மூன்று வீடியோ தயார்.

இதையும் கவனிங்க

* பவர்பாயின்ட்டில் ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததுக்கு மாறும் அந்த நொடியில் குரல் பதிவாகாது. பேசி முடித்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு அடுத்த ஸ்லைடுக்குப் போங்க.

* வீடியோவில் லிங்க்கை கிளிக் செய்ய முடியாது. முக்கியமான போன் நம்பர் இருந்தால் ஸ்லைடிலேயே எழுதிவிடுங்க.

* பார்ப்பவர்கள் கையில் இருப்பது மொபைல். 4கே தேவையில்லை, 720பி போதும். எழுத்தைத்தான் பெரிதாக்கணும்.

* வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். 2 ஜிபி வரை அனுப்பலாம்.

* மெஷின் சத்தத்துக்கு நடுவே ரெக்கார்டு செய்யாதீங்க. சாதாரண இயர்போன் மைக்கே போதும், அறை அமைதியாக இருந்தால்!

முதலில் 2 ஸ்லைடை மட்டும் மாற்றி, ஷாப் ஃப்ளோரில் ஒருவரின் போனில் போட்டுக் காட்டுங்க. எழுத்து தெரியுதா, குரல் கேட்குதான்னு அவர் சொன்ன பிறகு மீதி 18 ஸ்லைடுக்குப் போகலாம்.