350 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரமா?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையம் வான்வழியே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பயணிகள் ஜெட் விமானம் உயரே போனபின் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். வகுத்துப் பார்த்தால் அரை மணி நேரம்கூட ஆகக் கூடாது. ஆனால் கால அட்டவணை ஒன்றேகால் மணி நேரம் என்கிறது. சில சமயம் அதற்கும் மேல்.

அந்த 350 கிலோமீட்டர், பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறுகிய தூரம். விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. எதிர்காற்றில் எழும்புவதும் இறங்குவதும்தான் அதற்குப் பாதுகாப்பு. ஹீத்ரோவின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காக அமைந்தவை; அங்கே பெரும்பாலும் மேல்காற்று. ஆகவே தென்கிழக்கில் இருக்கும் பாரிஸுக்குப் போக வேண்டிய விமானம், முதலில் மேற்கே எழும்பி, பிறகுதான் வளைந்து திரும்பும். அதோடு 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு. இவ்வளவு சின்னப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி. முழு வேகத்தில் பறக்கக் கிடைப்பது கொஞ்ச நேரமே.

எதிர்த்திசையில் வருவோருக்கு இன்னொரு தாமதமும் உண்டு. நெரிசலான நேரத்தில் ஹீத்ரோவுக்கு வரும் விமானங்கள் பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் ஆகிய நான்கு இடங்களின் மேலே, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஆயிரம் அடி இடைவெளியில் வட்டமடித்துக் காத்திருக்கும். கீழே உள்ளது இறங்கப் போனால் மற்றவை ஒவ்வொரு படி இறங்கும். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் போல ஆகும்.

அட்டவணை நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. புறப்படும் இடத்தில் சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து சேரும் இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்வரை அந்தக் கணக்கு ஓடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பக் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தியது என்பதால், பாரிஸில் 10 மணிக்குக் கிளம்பி லண்டனில் 10.20க்குச் சேருவதாக டிக்கெட்டில் அச்சாகியிருந்தால் அது பிழையல்ல.

1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டன்-பாரிஸ் தினசரி விமானச் சேவை தொடங்கியபோது, ஒரே ஒரு பயணியோடு கிளம்பிய சிறு விமானம் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. இன்று யூரோஸ்டார் ரயில் கடலுக்கடியில் புகுந்து, நகர நடுவிலிருந்து நகர நடுவுக்கு அதைவிடச் சற்றுக் குறைவான நேரத்தில் போய்விடுகிறது. விமான நிலையத்துக்குப் போகவர ஆகும் நேரத்தையும் கூட்டினால், இந்தத் தூரத்துக்கு ரயிலே மேல் என்பேன்.

சரி, விமானம் ‘வந்து சேர்ந்தது’ என்று எப்போது சொல்வது? இதற்காக ஒரு வழக்கே நடந்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பில் மூன்று மணி நேரத் தாமதம் ஏற்பட்டால் பயணிக்கு 250 யூரோ இழப்பீடு. சால்ஸ்பர்கிலிருந்து கொலோன்-பான் வந்த ஒரு விமானம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்தை அடைந்தபோது 3 மணி 3 நிமிடம். தரை தொட்டதுமே வந்தாயிற்று என்றது நிறுவனம். இருக்கையில் அடைபட்டிருக்கும் பயணி தன் வேலையைப் பார்க்க முடியாது என்பதைக் கணக்கில் எடுத்த ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், குறைந்தது ஒரு கதவாவது திறந்து, பயணிகள் வெளியேறலாம் என்ற நிலை வரும் கணமே வருகை நேரம் என 2014 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.