நனைந்த பனியனும் நண்பனின் கண்ணும்

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து இளைஞர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கோவைக்கு பஸ் ஏறுவார்கள். பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி ஏறும் காலம். பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, இரவோடு இரவாக ஏழு மலைகளையும் ஏறி, விடியலில் உச்சியில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. முதல் மலையின் படிகளிலேயே பனியன் பிழியும் அளவுக்கு நனைந்துவிடும். ஏறும் வரை உடம்பு கொதிக்கும். சாமி கும்பிட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்த சற்று நேரத்தில் பல் தந்தியடிக்கும்.

“மேலே பனி அதிகம்” என்பார்கள். பனி பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், அவர்கள் கையாலேயே தைத்திருக்கக்கூடிய அந்தப் பனியனில் இருக்கிறது.

வியர்வை செய்யும் வேலை

உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். பூண்டிக்கும் உச்சிக்கும் இடையே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு. உலர்ந்த உடம்பு இந்தக் குளிரைத் தாங்கிக்கொள்ளும். ஈர உடம்புக்குத்தான் சிக்கல்.

ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுவதும் ஆவியாக, ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் தேவை. ஏறும்போது தசைகள் வெப்பத்தைத் தயாரித்துக்கொண்டே இருப்பதால் இழப்பு தெரிவதில்லை. உட்கார்ந்ததும் அந்த உற்பத்தி சரிந்துவிடுகிறது, ஆவியாதல் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, நீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். தோலோடு ஒட்டிய ஈரத்துணி உடம்பின் சூட்டை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

வளையத்துக்குள் காற்று

தறியில் நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கிட்டு இறுகி நிற்கும். நிட்டிங் மிஷினில் ஓடும் நூலோ வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக்கொள்ளும். சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக் எதுவானாலும் அடிப்படை அந்த வளையம்தான். ஒவ்வொரு வளையமும் துளிக் காற்றை அசையாமல் பிடித்து வைத்திருக்கும் சிற்றறை. நமக்குக் கதகதப்பைக் காத்துத் தருவது நூலைவிட அந்தக் காற்றுதான். பனியன் நனைந்தால் காற்று இருந்த இடத்தில் நீர் குடியேறிவிடும்.

எந்த இழை எவ்வளவு ஈரம் பிடிக்கும் என்பதை டையிங்கில் வேலை செய்பவர்கள் நன்கு அறிவார்கள். 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம் மட்டுமே. பருத்தியின் செல்லுலோஸ் நீரை இழைக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். பாலியஸ்டர் இழைக்குள் நீர் புகாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளின் இடைவெளி வழியே வியர்வை துணியின் வெளிப்பக்கம் பரவி விரைவில் உலரும். கம்பளி இன்னொரு வகை. ஈரத்தை உள்ளே வாங்கியும் தோலுக்குச் சில்லிப்பு தெரியாமல் காக்கும்.

இதனால் பருத்தி மட்டமான துணி ஆகிவிடாது. சித்திரை வெயிலில் திருப்பூரில் நடப்பவருக்கு அந்த ஈரம் வரம். அதே ஈரம் பனிமலையில் எமன்.

எவரெஸ்டில் இரண்டு நண்பர்கள்

1953 மே 28 இரவு, டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் சுமார் 8,500 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு கூடாரத்தில் தங்கினார்கள். ஹிலாரி ஈரமான பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். விடிகாலையில் அது கல்லாக உறைந்து கிடந்தது. அடுப்பில் காட்டி இளக்கிக் காலில் மாட்டவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. காலை 6.30க்குத்தான் கிளம்ப முடிந்தது.

வழியில் டென்சிங்கின் நடை தளர்ந்தது. என்ன கோளாறு என்று அவருக்கே பிடிபடவில்லை. ஹிலாரி அவரது ஆக்சிஜன் கருவியைப் பார்த்தார். மூச்சு வெளியேறும் குழாயில், மூச்சுக்காற்றின் ஈரம் உறைந்து பனிக்கட்டியாக அடைத்திருந்தது. அதை உடைத்து நீக்கினார், நடை சீரானது. 11.30 மணிக்கு இருவரும் உச்சியில் நின்றார்கள். அந்த நாளில் இருவரையும் மறித்த இரண்டு தடங்கல்களும் உடம்பிலிருந்து வந்த ஈரம்தான். இரண்டாவதைக் கண்டுபிடித்தது பக்கத்தில் இருந்தவரின் கண்.

1924 ஜூன் 8 அன்று அதே மலையில் மறைந்த ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் பட்டு, பருத்தி, கம்பளி எனப் பல மெல்லிய அடுக்குகளை அணிந்தே ஏறினார்கள். அடுக்குக்கு அடுக்கு காற்றைச் சிறைப்பிடிக்கும் அந்த உத்தியே இன்றைய மலையேற்ற உடைக்கும் அடிப்படை. 2024இல் எவரெஸ்டின் வடபுறப் பனியாற்றில் ஒரு பூட்ஸும் அதற்குள் காலுறையும் கிடைத்தன. காலுறையில் ‘ஏ.சி. இர்வின்’ என்று பெயர் லேபிள் தைத்திருந்தது. நூறு ஆண்டு கழித்து இர்வினை அடையாளம் காட்டியது ஒரு பின்னலாடை.

தனக்குத் தெரியாத குளிர்

உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்குவதை மருத்துவர்கள் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். முதலில் நடுக்கம். பிறகு விரல் சொன்னபடி கேட்காது, வாய் குழறும், கால் தடுமாறும். இன்னும் முற்றினால் நடுக்கமே நின்றுவிடும். அது தேறியதன் அறிகுறி அல்ல, உடல் தோற்பதன் அறிகுறி. குளிர்ந்த மூளைக்குத் தன் நிலையை எடைபோடத் தெரியாது. “எனக்கு ஒண்ணுமில்லடா, நீ போ” என்று குளிரில் சிக்கியவரே சொல்வார். அதனால்தான் மலைக்குத் துணை வேண்டும்.

வெள்ளியங்கிரிக்கோ இமயத்துக்கோ, கிளம்பும்போது லேசாக உடுத்துங்கள், வியர்வை குறையும். மேல்சட்டைக்குள் சீக்கிரம் உலரும் பாலியஸ்டர் டி-ஷர்ட் போதும். திருப்பூர் காதர்பேட்டையில் மலிவாகவே கிடைக்கும். காற்றைத் தடுக்க ஒரு ஜெர்கின் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி வழியிலுள்ள ஆண்டி சுனையில் குளித்தால் ஈரத்துணியோடு ஏழாவது மலை ஏறாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் உலர்ந்த பனியன் ஒன்றை வைத்திருந்து, உட்காரும் முன்பே மாற்றிவிடுங்கள்.

மாற்றியதும், கூட வந்தவரின் முகத்தைப் பாருங்கள். நாலு வார்த்தை பேசச் சொல்லுங்கள். நாக்கு குழறினால் உச்சியை மறந்துவிட்டு, அவரது ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, கையைப் பிடித்துக் கீழே அழைத்து வாருங்கள். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.